ஏறுமா, இறங்குமா?

கேட்டில் 'வீடு விற்பனைக்கு' போர்டை மாட்டி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அதற்குள் டிவியில் வந்த ஆள் மெக்கானிக்கின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டார்.

"வீட்டு விலை, மனை விலை ரெண்டும் இனிமே இறங்குமுகம்தான். யாரும் அவசரப்பட்டு வாங்கிடாதீங்க" என்றார் பொருளாதார நிபுணர். திங்கட்கிழமை காலை நேரலை. கோட்டு, டை, பின்னால் ஒரு பெரிய அம்புக்குறி. அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, என்ன சொல்றாரு?" மாடியிலிருந்து மனைவியின் குரல்.

"நம்ம தலையில கல்லைப் போடுறாரு."

மெக்கானிக் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்கிய மனுஷன், தனக்கென்று கட்டிய வீட்டில் ஒரு செங்குத்துப் படிக்கட்டைத்தான் வைத்திருந்தார். கீழே கூடமும் அடுப்படியும். மேலே படுக்கையறையும் குளியலறையும். மனைவிக்கு மூட்டு தேய்ந்துபோயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் படி ஏறினீங்கன்னா, அப்புறம் நடக்கிறதையே மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எதிரே தரைத்தளத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்கள். இந்த வீடு விற்றால் அது கிடைக்கும். விற்காவிட்டால் இருக்கவே இருக்கிறது படிக்கட்டு.

மதியம் தரகர் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வர்றேன்னு சொன்ன பார்ட்டி பின்வாங்கிட்டான். விலை இன்னும் இறங்கட்டும்னு உட்காந்திருக்கான். டிவி பாத்திருக்கான் பாவி."

"இப்ப என்ன பண்றது?"

"போர்டு தீப்பெட்டி கணக்கா இருக்குண்ணே. யார் கண்ணுல படும்? பெருசா வைங்க."

வைத்தார். கேட்டின் அகலத்துக்குக் கனமான பலகை, சிவப்பு எழுத்து. லிஃப்ட் மெக்கானிக் மாட்டினால் சும்மாவா? நாலு மூலையிலும் போல்ட்டுப் போட்டு முடுக்கிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஜன்னலருகே உட்கார்ந்திருந்த மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, ஒரு கறுப்புக் கார் நம்ம வாசல்ல நின்னு பாத்துட்டுப் போகுது. போன வாரமும் இதே கார்தான். வீடு பாக்கிறவங்களோ?"

"வாசல்ல வேகத்தடை இருக்குல்ல? எல்லாக் காரும் அங்க நின்னுதான் போகும். நீ வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாத."

கொஞ்ச நேரத்தில் நிபுணர் டிவியில் வந்தார். "நான் நினைச்சதை விட வேகமா சரியப் போகுது!" அம்புக்குறி இப்போது இன்னும் தடியாக இருந்தது.

"விலையைக் குறைச்சு எழுதுங்கண்ணே" என்றார் தரகர். "வேற வழி இல்ல."

மனசே இல்லாமல் மெக்கானிக் போர்டைக் கழற்றி, புது விலை எழுதி, பின்கட்டில் காயப் போட்டார். பெயிண்ட் காய்வதற்குள் மறுபடியும் திங்கட்கிழமை வந்துவிட்டது.

"எதிர்பாராத திருப்பம்!" என்றார் நிபுணர், முகமெல்லாம் பல்லாக. "சந்தை எழுந்து நிக்குது. வாங்கிறவங்க இப்பவே வாங்கிடுங்க!"

தரகர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணே, அதே பார்ட்டி! நீங்க முதல்ல கேட்ட விலையைக் குடுக்கிறேங்கிறான். சரின்னு சொல்லுங்க!"

"ஏன்யா சொல்லணும்? ஏறப் போகுதுன்னு படிச்சவர் சொல்றாரே. இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

மாடியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, விலை ஏறும். நான் ஏற முடியாதுங்க!"

"சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

இந்த ஒரு வார்த்தைக்காக மெக்கானிக்கைக் கழுவில் ஏற்றலாம். விலையைக் கூட்டி எழுதி, கெத்தாகப் போர்டைத் திரும்ப மாட்டினார். போல்ட்டுகளை அவர் முடுக்கிய முடுக்கில் கேட்டே முனகியது.

திங்கட்கிழமை நிபுணர் வந்தார். "போன வாரம் பாத்தது வெறும் கானல் நீர். மறுபடியும் இறங்குது."

பார்ட்டி போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஃபிளாட்டோ, விலை ஏறும் என்ற பேச்சில் அரண்டுபோன யாரோ ஒருவர் கைக்கு முந்தின வாரமே போய்விட்டிருந்தது. தரகர் வருவதையும் நிறுத்திக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. நிபுணர் வாரம் தவறாமல் வந்து இறக்கிவிட்டுப் போனார்.

மனைவி கீழே வருவதை விட்டுவிட்டாள். மெக்கானிக்தான் சமைத்து மேலே கொண்டுபோனார்.

"விடுங்க, இங்க நல்லா காத்து வருது" என்றாள் அவள், தட்டை வாங்கிக்கொண்டு. "கீழ எனக்கு என்ன வேலை?"

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். படியில் இறங்கும்போது அவருக்குக் கண் மறைத்தது. படிச்சவன் பேச்சைக் கேட்டு, கூடவே வாழ்ந்தவள் பேச்சைக் கேட்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"காலை நீட்டி வச்சுக்க ஒரு பலகை இருந்தா வலி குறையும்" என்று அவள் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அவர் ஸ்பேனரோடு நேரே கேட்டுக்குப் போனார். ஒரு பக்கத்து போல்ட்டுகள் கழன்றன. மறுபக்கம் துருவேறி, அசைவேனா என்றது. எரிச்சலில் ரம்பத்தை எடுத்து நடுவே அறுத்தார். பாதி மாடிக்குப் போய் அவள் காலைத் தாங்கியது. மீதி கேட்டிலேயே தொங்கியது.

மறுநாள் காலை அந்தக் கறுப்புக் கார் வேகத்தடையில் நின்றது. நின்றது நின்றதுதான், நகரவில்லை. பின்சீட்டில் கோட்டு போட்ட ஒருவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். டிரைவர் இறங்கி வந்தார்.

"வீடு பாக்கணுமா?" மெக்கானிக் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க, தாராளமா பாக்கலாம்!"

"வீடெல்லாம் வேண்டாங்க" என்று டிரைவர் தலையைச் சொறிந்தார். "இத்தனை நாளும் எங்க சார் டிவிக்குப் போற வழியில, உங்க போர்டு இருந்தா விலை இறங்கும்னும் இல்லேன்னா ஏறும்னும் சொல்லிட்டிருந்தாரு, இன்னிக்குப் பாதிதான் தொங்குது, அதான் என்ன சொல்லட்டும்னு உங்களையே கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."