ருஷ்யக் குளிரும் இத்தாலி வெயிலும்

படித்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் ஒரு தொல்லை உண்டு. 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. எனக்கு வரவே வராது. அதனால்தான் ஒரு மத்தியானம் சித்தூர் மாதர் சங்கத்தில், நாற்பது பெண்களுக்கு முன்னால், ஒரு ருஷ்ய ஆணை இத்தாலியப் பெண்ணாகவும், ஓர் இத்தாலியப் பெண்ணை ருஷ்ய ஆணாகவும் மாற்றினேன். மாற்றியதோடு விட்டேனா? காரணமும் சொன்னேன்.

ஆந்திர ராஜ்யம் அப்போதுதான் பிறந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கர்நூலுக்கு மாற்றல் வந்திருந்தது. புதுத் தலைநகரம். அங்கே ஆபீசே கூடாரத்தில் நடக்கிறது, குமாஸ்தாக்கள் குடியிருப்பதும் கூடாரத்தில்தான் என்று கேள்வி. என் மகன் பாபுவுக்கு அப்போது பதினான்கு மாதம். கூடாரம், வெயில், குழந்தை, பேதி என்று வரிசையாக யோசித்து, ரயில் ஏறுவதற்கு முன்பே அவனுக்கு மனசுக்குள் மூன்று தடவை வைத்தியம் பார்த்துவிட்டேன். கர்நூல் வேண்டாம், திருப்பதிக்குப் போடுங்கள் என்று அவர் மனுக் கொடுத்திருந்தார். அந்த மனு போய் உட்கார்ந்திருந்தது பெரிய அதிகாரியின் மேசையில். அதிகாரியின் மனைவிதான் எங்கள் மாதர் சங்கத் தலைவி.

ஊரில் அப்போது எல்லைச் சண்டை. சித்தூர் யாருக்கு என்று கடைத்தெருவில் பேசியதையே சங்கத்திலும் பேசினோம். ஒரு கூட்டத்தில் தமிழ்ப் பாட்டை முதலில் வைத்தார்கள். தெலுங்குக்காரப் பெண்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அடுத்த கூட்டத்தில் தெலுங்குப் பாட்டு முதலில். எங்கள் பக்கத்துப் பெண்கள் எழுந்து போனோம். (காபியைக் குடித்துவிட்டுத்தான் போனோம்.)

தலைவியம்மா நெல்லூர்க்காரர். தமிழும் பேசுவார். "ரெண்டு பாட்டும் ஒத்து, வேணாம். இந்த தடவை உலகத்துப் பெரிய குரலெல்லாம் கேப்போம். எங்க அண்ணா கப்பல்ல டாக்டரு, பாட்டு பிளேட்டுங்க கொண்டாந்திருக்காரு. நீ இன்டர் சதிவின பிள்ள, படிச்சவ, நீ எடுத்துச் சொல்லு" என்று என்னைக் கைகாட்டினார். நான் படித்தது தாவர சாஸ்திரம். அதைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

கிராமபோனும் நான்கு இசைத்தட்டுகளும் வீட்டுக்கு வந்தன. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரலுடைய ருஷ்ய ஆண். நாடகக் கொட்டகையே அதிரப் பாடும் இத்தாலியப் பெண்மணி. எகிப்து தேசத்துப் பாடகி ஒருத்தி. அமெரிக்காவில் கறுப்பினத்தார் தேவாலயத்தில் கூடிப் பாடும் பாட்டு. தட்டின் நடுவில் இருந்த எழுத்துகள் எனக்குக் கோலம் மாதிரிதான் தெரிந்தன. நல்லவேளையாக, எந்தத் தட்டு எது என்று உறைகளின்மேல் தலைவியம்மா எழுதியிருந்தார்.

கூட்டத்தன்று காலை, நான் பாபுவுக்குப் பருப்பு சாதம் பிசைந்து கொண்டு திரும்புவதற்குள், அவன் நான்கையும் உறையிலிருந்து உருவிப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் உடையவில்லை. திருமலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். நிதானமாக யோசித்து, தோன்றியபடி உறைகளில் போட்டேன். ஓடவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குள் பாபு தூங்கிவிட்டான். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் கிராமபோன் வைக்கிற தாய் எந்த ஊரிலும் கிடையாது.

"பாத்து பேசு. மனு அவங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குது" என்றார் என் கணவர்.

"நான் என்ன பேசிடப் போறேன்?" என்றேன்.

கூட்டம் தொடங்கியது. பாபு என் இடுப்பில். எழுதி வைத்திருந்ததைக் கணீரென்று படித்தேன். "முதலில் ருஷ்யா. இது ஆணின் குரல். இவ்வளவு ஆழமான குரல் மனிதருக்கு வாய்ப்பது அபூர்வம்." சாவி கொடுத்து ஊசியை வைத்தேன்.

ஒரு பெண் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற உச்சத்தில் பாடத் தொடங்கினாள்.

நகரியில் தறி வைத்திருக்கும் குடும்பத்துச் சரோஜாக்கா இரண்டாம் வரிசையிலிருந்து கேட்டார். "இன்னாம்மா, ஆம்பளன்னு சொன்னியே? பொம்பள மாதிரி பாடிக்கினு கீறானே?"

இங்கேதான் 'தட்டு மாறிவிட்டது' என்று சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் தலைவியம்மா. என் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, கூடாரம்தான் தெரிந்தது.

"அந்த ஊர் ஆம்பளைங்க குரலே அப்படித்தான்க்கா" என்றேன். "குளிரு. தொண்டை சுருங்கிப் போயிடும்."

"ஐயோ பாவம்" என்றார் சரோஜாக்கா. "அவுனு, அவுனு" என்று தெலுங்குப் பக்கமும் ஆமோதித்தது. எல்லைத் தகராறு ஆரம்பித்த பிறகு இரு பக்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அடுத்து இத்தாலிப் பெண்மணி. உறையில் யார் இருப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கை தானாக ஊசியை வைத்தது. ருஷ்யர் இடி இடித்தார். பாபு பயந்து என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இது பொம்பளையா?"

"ஆமாக்கா. அங்கே வெயில் ஜாஸ்தி. தொண்டை விரிஞ்சிடும்."

"எம் மாமியாரு இத்தாலிலதான் பொறந்திருக்கணும்" என்றார் சரோஜாக்கா. கூடமே சிரித்தது. தலைவியம்மா மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார். கோபம் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. "கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். எகிப்துக்காரிதான் பாடினாள். ஒரே வரியை எடுத்து, நம் நிரவல் மாதிரி, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகப் பாடினாள். விசிறிகள் நின்றன. பாபுகூட வாயைத் திறந்து கேட்டான். "இன்னொரு தபா" என்று இந்தப் பக்கமும், "மள்ளி, மள்ளி" என்று அந்தப் பக்கமும் கேட்டார்கள். மூன்று தடவை வைத்தேன். தேவாலயப் பாட்டுக்கு எல்லாரும் கை தட்டித் தாளமே போட்டார்கள். காபி குடிக்காமல் யாரும் போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் தலைவியம்மா என்னிடமிருந்து தட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டை மட்டும் உறை மாற்றிப் போட்டார்.

"ஏம்மா, அந்தத் தொண்டை விஷயம் எந்தப் புஸ்தகத்துல இருக்குது? நிஜம் செப்பு."

"புஸ்தகத்துல இல்லீங்கம்மா. பயத்துல வந்துது." அதற்குமேல் என் வாய் நிற்கவில்லை. பருப்பு சாதம், தூக்கம், மனு, கூடாரம், இன்னும் வராத பேதி, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆபீசு சங்கதி நான் வீட்டுல பேசறதில்ல" என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கர்நூலுக்கு மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அந்த வாரமே உத்தரவு வந்தது. திருப்பதி! அதில் கையெழுத்து எப்போது ஆகியிருந்தது தெரியுமா? கூட்டத்துக்கு முந்தின நாளே. நான் உளறிக் கொட்டியது முழுக்க வீண்.

ஆனால் வீட்டில் வீணாகவில்லை. திருப்பதி வந்த பிறகு, குழம்பு தீய்ந்ததற்கு நான் ஏதாவது காரணம் சொல்லத் தொடங்கினால், இவர் பொறுமையாகக் கேட்பார். "குளிரா, வெயிலா?"

பாபு இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் உடைந்த சிலேட்டுப் பலகையோடு வந்து நின்றான். பொய் சொல்லக் கூடாது என்று முதலில் நீளமாகப் புத்தி சொல்லிவிட்டு, எப்படி உடைந்தது என்று கேட்டேன். அவன் பலகையைத் திருப்பிப் பார்த்தான்.

"குளிரும்மா" என்றான்.

அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், தலையைச் சொறிந்துகொண்டேன்.