வேலப்பன்சாவடி குடோனும் பாதி விலை ஃபோர்க்லிஃப்ட்டும்

பாதி விலைக்கு ஒரு பொருளை வாங்கியவன், அந்தப் பொருளைவிடத் தன் மூளையைத்தான் ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிவான். நானும் சில மாதங்கள் அப்படித் திரிந்தேன்.

என் அண்ணன் குமரேசனுக்கு வேலப்பன்சாவடியில் டைல்ஸ் குடோன். பெட்டி தூக்கித் தூக்கி அவர் முதுகு போயிருந்தது. அண்ணி இறந்த பிறகு ஆளே இன்னும் கொஞ்சம் வளைந்துவிட்டார். இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வாங்கும் பேச்சு வந்தது.

அம்பத்தூரில் ஒரே ஷெட்டில் இரண்டு வண்டிகள் பார்த்தோம். ஒன்று உள்ளூரில் செய்தது, பலர் ஓட்டித் தேய்ந்தது, சீட் கிழிந்தது. இன்னொன்று கப்பலில் வந்த புத்தம்புது மஞ்சள் வண்டி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை, அதாவது உள்ளூர்ப் புது வண்டியின் விலையில் பாதி.

தரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஏனென்றால் நான் ஐடி கம்பெனியில் டெஸ்டர். (திரையில் பட்டன் சரியாக அழுந்துகிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்குபவன். அண்ணனோ, உலகத்தில் உள்ள எல்லாத் தரமும் தம்பிக்குத் தெரியும் என்று நம்பினார்.) நானும் டயரை உதைத்தேன். ஹாரன் அடித்தேன். இரும்புக் கைகளை வெறுமனே மேலே ஏற்றி இறக்கச் சொல்லித் தலையாட்டினேன். பழைய வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கறை இருந்தது, அதனால் அதை ஒதுக்கினேன். புது வண்டிக்கு அடியில் தரை பளபளவென்று இருந்தது. யார், எப்போது துடைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று விற்பவரைக் கேட்டேன்.

"கப்பல்ல வரும் சார்."

"கப்பல் எப்ப வரும்?"

"வரும் சார். கடலு எங்க போவப்போவுது?"

அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். "இன்னாடா சொல்ற, நம்பலாமா?"

"கண்ண மூடிக்கினு வாங்குண்ணா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினோம்.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் ஒருவரையும் விடாமல் பிடித்து அதன் பெருமையைச் சொன்னேன். பிறகு அண்ணன் மகள் ரேவதிக்குக் கல்யாணம் வந்தது.

ரேவதிக்கான சீர்ப் பாத்திரங்களை அண்ணி உயிரோடு இருந்தபோதே ஒவ்வொன்றாக வாங்கி, தன் கையால் ஒரு மரப்பெட்டியில் அடுக்கி மூடிவைத்திருந்தார். அவர் போன பிறகு அந்தப் பெட்டியை வீட்டில் பார்க்க அண்ணனால் முடியவில்லை. குடோனுக்குக் கொண்டுவந்து, கண்ணில் படாத உயரத்தில், மேல் ரேக்கில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பெட்டியைப் பூந்தமல்லி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறினார். நான் புதுச்சட்டையில், விமானத்துக்கு வழிகாட்டுகிறவனைப் போல எட்டி நின்று கையசைத்தேன். பெட்டி ரேக்கைவிட்டு நகர்ந்து கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். ஆயில் குழாய் வெடித்தது. என் புதுச்சட்டை கறுப்பானது. இரும்புக் கைகள் சட்டென்று கீழே வந்தன. பெட்டி சரிந்து, தரையில் மோதிப் பிளந்தது. ஒரு பித்தளை அண்டா உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அடி யாருக்கும் படவில்லை. அண்ணன் மெதுவாக இறங்கி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் ஒவ்வொரு பாத்திரத்தையும் அண்ணி தன் பழைய புடவையில் சுற்றிவைத்திருந்தார். அது எங்கள் இருவருக்குமே தெரியாது. மாம்பழ நிறத்தில் ஒரு நூல்புடவை விலகிக் கிடந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்தார்.

"இத்த கட்டிகினுதான்டா ரேவதிய ஸ்கூலுக்கு இட்டுகினு போவா" என்றார்.

அப்படியே எண்ணெயில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அண்ணி இறந்த அன்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டே இருந்த மனிதர் அவர். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இப்போது தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதார்.

தோளில் கைவைக்கலாம் என்றால் கையெல்லாம் எண்ணெய். ஒன்றுக்கும் உதவாதவன் செய்வதைத்தான் செய்தேன்: ஃபோர்க்லிஃப்ட் விற்றவருக்குப் போன் போட்டேன். வழுக்கும் விரலில் ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகிவிட்டது.

"குழாய் வெடிச்சு ஆயில் மொத்தமும் வெளிய வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் பதறவே இல்லை. "ஆயிலு வெளிய வந்தா இன்னா அர்த்தம் சார்? உள்ள ஆயில் கீதுன்னு அர்த்தம். வரலன்னாதான் பயப்படணும்."

அண்ணன் நிமிர்ந்தார். புடவையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாத்திரங்களைத் துடைத்து மண்டபத்தில் அடுக்கினோம். அண்டாவின் நசுங்கிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிவைத்தோம். குழாய்க்கான கப்பல் வரவே இல்லை. வண்டி காயலான் கடைக்குப் போனது. அண்ணன் இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

விற்றவர் போனில் சொன்ன அந்த வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. தாலி கட்டி முடிந்து கிளம்பும்போது ரேவதி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அழுவு புள்ள. உள்ள ஆயில் கீது" என்று அண்ணன் அவள் தலையைத் தடவினார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். இப்போது அவர்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும் மாப்பிள்ளைதான் முதலில் அதைச் சொல்கிறாராம்.

போன மாதம் அண்ணியின் திதிக்கு சேக்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். படையல் முடிந்ததும் அண்ணன், அண்ணியின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அண்ணனே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கீதுடா" என்றார்.

பிறகு, எல்லாருக்கும் இலை போடச் சொன்னார்.