ஏறாத பஸ்ஸை நிறுத்திய அக்கா

நம் நாட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்காத மனிதர் கிடையாது. ஆனால் ஏறும் உத்தேசம் துளிகூட இல்லாமல், மழையிலும் வெயிலிலும் நின்று தினமும் பஸ்ஸை நிறுத்தியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் அவரை 'ஸ்டாப்பிங் அக்கா' என்போம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்கும் தைரியம்தான் எங்களில் யாருக்கும் இல்லை.

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயம் பக்கம் புதிதாகத் திறந்திருந்த நாலுவழிச் சாலையின் பராமரிப்பு ஆபீஸில் நான் அப்போது வேலை பார்த்தேன். அடிவாரத்து ஊர்களையும் ஷூ கம்பெனிகளையும் தொழிற்பேட்டைகளையும் ஒரே இழுப்பில் சென்னைத் துறைமுகத்தோடு சேர்க்கிற சாலை. கண்டெய்னர் லாரிகள் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே போட்டது. அந்த ஓட்டத்தில் பழைய ரோட்டிலிருந்த ஒரு பஸ் ஸ்டாப் அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

அக்காவின் மகள் சித்ரா வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். ஸ்டாப் போனதும் அவளும் அந்த ஊர்ப் பெண்களும் அடுத்த ஜங்ஷன் வரை சாலையோரமாகவே நடக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் உரசுகிறாற்போல் ஒரு கண்டெய்னர் போனது. அது கிளப்பிய காற்றிலேயே சித்ரா தடுமாறிப் பள்ளத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். கூட வந்த சிலர் அன்றோடு வேலையை விட்டார்கள். சித்ரா விடவில்லை. ஆனால் அன்றைக்குத் தாமதமாகப் போனதற்கு, "இனிமே லேட்டா வந்தா வரவே வேணாம்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா சாமை விதைத்திருந்த தன் கொல்லைக்காட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து, பழைய ஸ்டாப் இருந்த இடத்துக்கு நேராக நின்று கையை நீட்டினார்.

பல நாள் எந்த பஸ்ஸும் அவரைச் சட்டை செய்யவில்லை. கடைசியில் வாணியம்பாடி பஸ் ஒன்று, என்னவோ ஆபத்து என்று நினைத்து பிரேக் அடித்து நின்றது. கண்டக்டர் பாய் பதறிப்போய்க் கீழே குதித்தார்.

"எங்கம்மா போவணும்?"

"நான் எங்கியும் போவலப்பா. நிக்கிறியான்னு பாத்தேன். ரைட், போலாம்."

"இன்னாம்மா, வெளையாடுறியா?"

"உனுக்கு இங்க நிக்கிற பழக்கம் வரணும்ல? நாளிக்கும் நில்லு."

பாய் திட்டிய திட்டில் பஸ் இரண்டு முறை குலுங்கியது. அக்கா அசையவில்லை. சித்ராவை ஏற்றிவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ் நிற்குமா நிற்காதா என்பது நிச்சயமாகும் வரை அவள் ஜங்ஷனுக்குத்தான் நடந்தாள். அவளுக்கு வேலை முக்கியம். தாய்க்கு ஸ்டாப் முக்கியம்.

அடுத்து நிழற்குடை. நாலு சவுக்குக் கம்பு நட்டு, மேலே ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டினார் அக்கா. எங்கள் சாலையின் திறப்புவிழா பேனர்தான் அது. 'தடையற்ற பயணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த கூரையின் கீழே உட்கார்ந்து, போகிற பஸ்ஸை எல்லாம் தடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஆள் விட்டு அதைப் பிரித்தார்.

"சாலை இடத்துல கம்பு கிம்பு எதுவும் நடக்கூடாதும்மா" என்றார்.

மறுநாள், சிமெண்டு ஊற்றிய பெயிண்டு டப்பாவில் ஒரு பெரிய குடை செங்குத்தாக நின்றது.

"இது இன்னாம்மா?" என்றேன் நான். அதற்குள் எனக்கே அவர் பாஷை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நட்டாதானே தப்பு சார்? இது வெச்சது."

எங்கள் ஜீப் வரும்போதெல்லாம் டப்பாவோடு குடையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போவார். ஜீப் நகர்ந்ததும் திரும்பி வருவார். அந்த டப்பாவை எங்கள் டிரைவர் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போட்டார்.

மேனேஜர் பொறுமையாகவே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "இது துறைமுகத்துக்குப் போற சாலைம்மா. லாரி நிக்காம போகணும்."

"லாரியில இன்னா சார் போவுது?"

"ஷூ."

"அத்த எம் பொண்ணுதான் தெக்கிறா. அவ போய்ச் சேரலன்னா லாரியில இன்னா போவும், காத்தா?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்று மேனேஜர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் காலை, மலையே கரைந்து இறங்குகிறதோ என்று நினைக்கும்படி மழை. தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது என்று பார்க்க நானும் மேனேஜரும் போனோம். ஜங்ஷன் வரை நடக்க முடியாமல் சித்ராவும் நாலைந்து பெண்களும் அந்தக் குடைக்குக் கீழே ஒடுங்கி நின்றிருந்தார்கள். அக்காவைக் காணோம். காய்ச்சலாம். அத்தனை நாளில் அவர் வராதது அன்றுதான்.

வாணியம்பாடி பஸ் வந்தது. அந்தப் பெண்கள் கையை நீட்டலாமா என்று யோசிப்பதற்குள் அது தானாகவே வேகம் குறைந்து, குடைக்கு நேராக வந்து நின்றது. கண்டக்டர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அக்கா எங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"காய்ச்சல் பாய்" என்றாள் சித்ரா.

"மாத்திரை வாங்கிக் குடுத்தியா? சரி, ஏறு ஏறு, மழையில நனையாத!"

மேனேஜர் அன்றே தலைமை ஆபீஸுக்கு போன் போட்டார். "பஸ் நிக்க ஆரம்பிச்சிடுச்சு சார். நிக்கிறத இனி நிறுத்த முடியாது. ஒதுங்கி நிக்க இடம் போடலன்னா பின்னாடி வர்ற லாரி வந்து மோதும்" என்று கத்தினார். அவ்வளவு கோபமாக யாரும் ஒருவருக்காகப் பரிந்து பேசி நான் கேட்டதில்லை.

பஸ் ஒதுங்க இடமும் கான்கிரீட் நிழற்குடையும் வந்தன. பெஞ்சின் சிமெண்டு காய்வதற்குள் அக்கா உட்கார்ந்து பார்த்து, "கொஞ்சம் ஒசரம்" என்று குறை சொன்னார். வேலையை விட்ட பெண்கள் திரும்பவும் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அக்கா சாமைக்கொல்லைக்குத் திரும்பினார்.

எனக்கும் துறைமுகப் பக்கத்துக்கு மாற்றல் வந்தது. இப்போதும் மாதம் ஒரு முறையாவது ஆபீஸ் காரில் அந்த வழியாகப் போகிறேன். அந்தச் சாலையில் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் பறக்கலாம். ஆலங்காயம் தாண்டியதும் நான்தான் டிரைவரிடம், "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்கிறேன். கொல்லையில் அக்கா தென்பட்டால், ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே.