சீனியில்லாத மாதத்தில் பெண் பார்த்த கதை

மாதச் சபதக்காரர் என்றோர் இனம் இருக்கிறது. காட்டில் தேட வேண்டாம். ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதி காலையில் உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். சூரியன் உதிக்கிற படத்துக்குக் கீழே, "இன்று முதல்" என்று தொடங்கி, ஒருவர் எதையாவது விட்டிருப்பார். இல்லாவிட்டால் எதையாவது பிடித்திருப்பார். இரண்டாம் வாரம் பார்த்தால் ஆள் சத்தமே இருக்காது. செத்துப்போகவில்லை. அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கிறார்.

சங்கனாச்சேரியில் மின்விசிறியும் மிக்சியும் விற்கிற குரியாக்கோஸ், இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. அவரைப் பற்றி அவருடைய மனைவி லீலாம்மாவிடம் கேட்டால் இரண்டு விஷயங்கள் சொல்வாள். ஒன்று, மனுஷன் எதையாவது விடுவதற்கு முன்னால் கடைக்குப் போய் நாலு சாமான் வாங்கிவிடுவார். ஓடுகிற மாதத்துக்குச் சப்பாத்து, தியான மாதத்துக்கு மெத்தை, சிக்கன மாதத்துக்கு உண்டியல். மண் உண்டியல் என்றா நினைத்தீர்கள்? போட்ட காசை எண்ணிச் சொல்லிக் கைதட்டுகிற மின்சார உண்டியல்! இரண்டு, சபதம் அவருடையது, பாடு அவளுடையது. அவர் விடியுமுன் எழுகிற மாதத்தில், அவரை எழுப்புவதற்காக அவள் அதற்கும் முன்னால் எழுந்தாள். அவர் பச்சைக் காய்கறி தின்கிற மாதத்தில், நறுக்கி நறுக்கி அவளுக்குத்தான் கை மரத்துப் போனது.

சிக்கன மாதத்தில் கடை விசிறிகளையெல்லாம் நிறுத்திவிட்டார். விசிறி வாங்க வந்தவர் வேர்த்துக் கொட்டியபடி, "ஒண்ணைச் சுத்த விட்டுக் காட்டுங்க சாரே" என்று கேட்டார்.

"கடையில எல்லாமே சுத்தும். பழசு என்ன ஆச்சு?"

"சத்தம் போடுது."

"சத்தம் போட்டா காத்து வராதா? எண்ணெய் விட்டு ஓட்டுங்க. எதுக்குப் புதுசு?"

வந்தவர் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். குரியாக்கோஸ் ஓர் ஆத்மாவை வீண்செலவிலிருந்து மீட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தார்.

பங்குச் சாமியார்கூட ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "குரியாக்கோஸே, நம்ம சபையில நோன்புன்னு ஒண்ணு ரொம்ப நாளாவே இருக்கே?"

"அது கர்த்தருக்காக அச்சா. இது எனக்காக."

"கர்த்தரும் வனாந்தரத்துல விரதம் இருந்தார். ஆனா தினமும் படம் எடுத்துப் போடல."

எருமை மேல் பெய்த மழை. அடுத்த முதல் தேதி, சீனியில்லாத மாதம் பிறந்தது. வீட்டிலிருந்த சீனி, வெல்லம், தேன் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. சாவி அவருடைய அரைஞாணில்.

அந்த மாதத்தில்தானா மகள் ஜின்சியைப் பெண் பார்க்க வர வேண்டும்?

ஜின்சி பல் டாக்டர். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இத்தனை காலம் தட்டிக்கழித்தவள், பாலா ஊரிலிருந்து வந்த இந்தச் சிரிலின் படத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். லீலாம்மாவுக்கு அது போதும். முன்பு ஒரு வரன் சிக்கன மாதத்தில் வந்து, வேர்வையில் நனைந்து, திரும்பிப் பாராமல் போயிருந்தது. இதுவும் போனால் அவள் தாங்கமாட்டாள்.

"அச்சாயா, ஒரே ஒரு சாயங்காலம். சாவியைக் குடுங்க."

"ஒரு நாள் உடைஞ்சா மாசமே உடைஞ்ச மாதிரி, லீலே."

"பொண்ணு கல்யாணம் உடைஞ்சா?"

"என் வீட்டுல என் கொள்கைதான் நடக்கும். பிடிச்சவங்க பொண்ணு எடுக்கட்டும்."

கொள்கை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் மேலே பேசிப் பயனில்லை. லீலாம்மா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு, சப்பென்ற தேநீரைத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

சிரிலின் அப்பா அவறாச்சன், ரப்பர் தோட்டக்காரர், மீசை பெரிது. ஒரு வாய் உறிஞ்சினார். கோப்பையைக் கீழே வைத்தார். 

"இதுல சீனி இல்லையே?"

"இல்ல" என்றார் குரியாக்கோஸ், நெஞ்சை நிமிர்த்தி. "இந்த மாசம் சபதம்."

அவறாச்சன் எழுந்தார். போய்விடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது, பாய்ந்து வந்து குரியாக்கோஸைக் கட்டிக்கொண்டார். "எனக்கும்தான்! போன மாசம் பச்சைத் தண்ணிக் குளியல்!"

"நான் போன மாசம் படியேற்றம்!"

பிறந்ததும் பிரிந்த அண்ணன் தம்பி சேர்ந்ததுபோல் இருந்தது. சிரிலின் அம்மா மோளிக்குட்டி மட்டும் லீலாம்மாவைப் பார்த்தாள். லீலாம்மா மோளிக்குட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே இருவரும் சம்பந்திகளாகிவிட்டார்கள். "தண்ணி குடிக்கலாமா?" என்று மோளிக்குட்டி அவள் பின்னாலேயே சமையலறைக்குள் வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சிரிலுக்கும் தாகம் எடுத்தது.

அங்கே ஜின்சி, அடுத்த வீட்டில் கொடுத்து வைத்திருந்த இனிப்பு முறுக்கான அச்சப்பத்தைப் பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டிருந்தாள். சிரிலுக்கு ஒன்றை நீட்டி, "உங்களுக்கும் மாசா மாசம் இப்படி ஏதாவது வருமா?" என்று கேட்டாள்.

"ஒரு வீடு ஒருத்தரைத்தாங்க தாங்கும்" என்றான் சிரில். அவள் இரண்டாவது அச்சப்பத்தையும் கொடுத்தாள்.

கூடத்தில் திடீரென்று குரல் உயர்ந்தது.

"வெல்லம் சீனியில சேராதுன்னு எவன் சொன்னான்?" இது குரியாக்கோஸ்.

"எங்க வீட்டுல நான் வெல்லம்தான் போட்டுக் குடிக்கிறேன். அது இயற்கை!" இது அவறாச்சன்.

"அப்போ நீங்க இருக்கறது சபதமே இல்ல. வேஷம்!"

"வேஷமா? என்னையா? மோளிக்குட்டி, கிளம்பு! இந்த வீட்டுல பொண்ணெடுத்தா நான் அவறாச்சன் இல்ல!"

வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். சமையலறையிலிருந்தவர்களோடு லீலாம்மா கூடத்துக்கு ஓடிவந்தாள். ஒரு நல்ல பையன், வெல்லத்தால் போகிறான்! சிரில் அப்பாவின் கையைப் பிடித்தான், அவர் உதறினார். அப்போது குரியாக்கோஸுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"நில்லுங்க. என் மக டாக்டர். அவளே சொல்லட்டும். ஜின்சி, வெல்லம் சீனிதானே?"

ஆமாம் என்றால் மாமனார் போவார். இல்லை என்றால் அப்பா மானம் போகும். ஜின்சி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள்.

"சொல்றேன். முதல்ல சீனியே தொடாத வாய் எப்படி இருக்கும்னு பாக்கணும். பப்பா, ஆ காட்டுங்க."

வெற்றிக் களிப்பில் குரியாக்கோஸ் பெரிதாகத் திறந்தார். ஜின்சி உள்ளே எட்டிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"கடைவாய்ப் பல் இடுக்குல ஆரஞ்சுக் கலர்ல என்ன பப்பா? இன்னிக்கு பேக்கரியில ஜிலேபி சூடா இருந்துச்சா?"

 குரியாக்கோஸின் வாய் மெல்ல மூடியது. லீலாம்மா புருஷனைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் வார்த்தையில்லை. அவறாச்சன் தொடையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜின்சி விளக்கை அவர் பக்கம் திருப்பும்வரை சிரித்தார்.

"அங்கிள், நீங்களும் காட்டுங்க."

அவறாச்சன் உதட்டை இறுக்கிக்கொண்டார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு மோளே" என்றார், வாயைப் பாதிக்கு மேல் திறக்காமல். "குரியாக்கோஸே, கல்யாணத் தேதியைப் பேசலாமா?"

பேசினார்கள். முடித்தார்கள். லீலாம்மா அரைஞாணிலிருந்து சாவியைத் தானே அவிழ்த்துக்கொண்டுபோய்ச் சீனி போட்ட தேநீர் கொண்டுவந்தாள். சம்பந்திகள் இருவரும் அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். குடித்துக்கொண்டே, அடுத்த மாதத்துக்குப் பொய் சொல்லாதிருத்தலை எடுத்துக்கொள்ளலாமா என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்படியில்லை, அந்தப் பைத்தியமெல்லாம் எனக்குக் கிடையாது என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போதே, "நாமும் எத்தனையோ தடவை இப்படிச் செய்துவிட்டோம், இனிமேல் சபதமே எடுக்கக் கூடாது" என்று மனத்துக்குள் ஒரு முடிவு எடுத்தீர்களே, அதை எப்போதிலிருந்து தொடங்குவதாக உத்தேசம்? வரும் மாதத்திலிருந்துதானே?