வடையைத் திருப்பிக் கொடுத்த பயணி

பெங்களூர் மாநகரில் பிறர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளை அவற்றின் பின்புறத்தைக் கொண்டே அடையாளம் காணவல்லவர் ஒருவரே. அவர்தாம் அவற்றைப் பழுதுபார்க்கும் எங்கள் பிரேசர் டவுன் கம்ப்ரெஸர். அப்பெட்டிகளுக்கு முன்புறம் என்று ஒன்று உண்டு, அதைத் திறந்தால் உள்ளே உணவு இருக்கும் என்னும் செய்தி அவருக்கு எட்டியிருக்குமா என்பதே எனக்கு நெடுநாள் ஐயமாக இருந்தது.

பங்குத்தந்தை அவருக்கு ஒரு பெயர் இட்டிருக்கத்தான் வேண்டும். ஆயினும் அவர்தம் மனைவி ஸ்டெல்லா அம்மையாரே, வாயிலில் நின்று கேட்போருக்கு, "கம்ப்ரெஸரு வேலைக்குப் போயிருக்காரு" என்று விடை பகரும்போது, நாம் வேறு பெயரைத் தேடி அலைவானேன்?

ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அவர் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"வாத்தியாரே, சாரு தெரியுமா? ரொம்ப நல்ல மனுசன். ஆனா பின்னாடி பூரா துரு. கீழ ஒரு பல்லி குடும்பத்தோட இருந்துச்சி, நான்தான் காலி பண்ணி வெச்சேன்."

நீதிபதி தம் காற்சட்டையின் பின்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அவர் அறிமுகமானது பூங்காவில். எங்கள் பூங்காவில் நடைபயில்வோர் இடஞ்சுழியாகவே செல்லுதல் வேண்டும் என்று அறிவிப்புப் பலகை உண்டு. அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டு ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நடக்க, கம்ப்ரெஸர் மட்டும் வலஞ்சுழியாக வருவார். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை எதிர்ப்படுவார். இருமுறையும் வணக்கம் சொல்வார். ஆறு சுற்று நடந்தால் பன்னிரண்டு வணக்கம். மூன்றாம் நாள் பொறுமையிழந்து, பலகையைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படிச்சேன் வாத்தியாரே. கடியாரம் எந்தப் பக்கம் போவுதோ அதான் முன்னாடி. இவுங்க அம்மாம் பேரையும் பின்னாடி நடக்கவுட்டு போர்டு வெச்சிருந்தா, அதுக்கு நான் இன்னா பண்றது?"

முப்பத்தைந்தாண்டுக் காலம் கல்லூரியில் தருக்கவியலும் இலக்கணமும் பயிற்றுவித்த நான் என் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றுமுதல் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு என் வீட்டு அழைப்பு மணி ஒலிக்கலாயிற்று.

கம்ப்ரெஸரின் உள்ளத்தைப் பற்றியிருந்த பேராசை ஒன்றுண்டு. நகரில் சிறுவண்டிக் கழகம் என்று ஒன்று இயங்கிவந்தது. மேசைமேல் ஓடும் சிறிய தொடர்வண்டிகளை உருவாக்கி மகிழ்வோர் கூட்டம் அது. அதன் உறுப்பினர் பெரும்பாலோர் கணினி நிறுவனங்களில் உயர்பதவி வகிப்போர்; கடல்கடந்து வந்த எந்திரங்களைப் பட்டுத்துணியால் துடைப்பவர். ஆண்டுக்கொருமுறை மக்கள் காண அவர்கள் கண்காட்சி நடத்துவர். அதில் தம் கைப்பட வனைந்த வண்டி ஒன்று ஓட வேண்டும் என்பதே கம்ப்ரெஸரின் கனவு.

"ஏன் இத்துணை வேட்கை?" என்று ஒருமுறை வினவினேன். வழக்கமாகக் கேள்வி முடியுமுன் விடை சொல்பவர், அன்று முதலில் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருசமா நான் செஞ்ச வேலை எல்லாம் செவுத்தப் பாத்துகினு நிக்குது வாத்தியாரே. எவன் பாக்குறான்? பெட்டி ஓடுனா ஐஸ் நல்லா வருதும்பான், ஓடலன்னா எனக்கு போன் பண்ணுவான். ஒரே ஒரு தபா, நான் செஞ்சத நாலு பேரு நின்னு பாக்கணும்."

கழகத்தில் சேர்வதற்கு விதி கடுமையானது. சேர விரும்புவோர் ஒரு வண்டியை முற்றிலும் தம் கையாலேயே செய்து, அது என்ன செய்யும் என்பதை விண்ணப்பத்தில் எழுதித் தருதல் வேண்டும். கண்காட்சி நாளில் அவ்வண்டி தடம்புரளாமல் பத்துச் சுற்று ஓடவும் வேண்டும். எழுதிக் கொடுத்ததைச் செய்யவும் வேண்டும். இருமுறை முயலலாம், இரண்டிலும் தோற்றால் கதவு அடைபட்டுவிடும். முந்தைய ஆண்டு கம்ப்ரெஸரின் சரக்குப்பெட்டி மூன்றாம் சுற்றில் பாலத்தினின்று பாய்ந்து, தலைவரின் தேநீரில் நீராடிற்று. ஆகவே இவ்வாண்டு இறுதி வாய்ப்பு.

இம்முறை அவர் படைக்கத் துணிந்தது சிற்றுண்டிப் பெட்டி. ஒரு சாண் நீளம். ஒருபக்கம் முழுதும் திறந்திருக்கும். மறுபக்கம் வெறும் தகரச் சுவர். உள்ளே இருக்கையில் ஒரு பயணி. அவரெதிரே தட்டேந்திய பரிமாறுநர். சக்கரம் உருள உருளப் பரிமாறுநரின் கை தட்டிலிருந்து வடையை எடுத்துப் பயணியின் வாயருகே கொண்டுசெல்லும்; வாய் திறக்கும்; வடை மறையும்; வெறுங்கை திரும்பும்; மறைந்த வடை அடிவழியே மீண்டும் தட்டுக்கு வந்துசேரும்.

உடலுக்கு ஈரட்டித் தகரம். கூரைக்குக் குளிர்பதனப் பெட்டியின் செப்புக் குழாயைப் பிளந்து தட்டிய தகடு. சக்கரங்களைப் பொம்மசந்திராவில் கடைசல் பட்டறையில் பணிபுரியும் மைத்துனர் பித்தளையில் கடைந்து தந்துவிட, "இது நம்ம கை இல்லியே" என்று மனச்சான்று உறுத்தி, அவற்றைத் திருப்பியனுப்பித் தாமே அங்குச் சென்று கடைந்துவந்தார். பழைய சுவர்க் கடிகாரத்தின் பற்சக்கரங்கள் வண்டியின் அச்சிலிருந்து விசையை எடுத்துப் பரிமாறுநரின் தோளுக்குக் கடத்தின.

வடைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மெழுகு உருகியது; மரத்தூள் உதிர்ந்தது. முடிவில் தோல்நீக்கிய உளுத்தம்பருப்பு ஒன்றைச் சுடுசெய்த ஊசியால் துளையிட்டுப் பழுப்பு வண்ணம் தீட்டினார்.

"உளுந்து வடைய உளுந்துலதானே செய்யணும்? நான் ஒரு மடையன், வேற எங்கியோ தேடிகினு இருந்தேன்."

நல்ல துளை ஒன்று அமைவதற்குள் அரைப்படி உளுந்து பிளந்துபோயிற்று. ஸ்டெல்லா அம்மையார் என்னிடம் முறையிட்டார்: "பாருங்க சார், மேஜ மேல ரயிலு ஓடுது. நாங்க பிளாட்பாரத்து ஜனம் மாதிரி தரையில ஒக்காந்து சாப்புடுறோம். இப்ப உளுந்தும் போச்சு. இன்னும் ஒரு வாரம் போனா, சாம்பார்ல போட்ட பருப்ப வெளிய எடுத்து ஓட்ட போடுவாரு!"

ஒரு ஞாயிறன்று கம்ப்ரெஸர் அளவுகோலுடன் வந்து, முன்னறிவிப்பின்றி என் மூக்கை அளந்தார்.

"அசையாதீங்க. பயணி நீங்கதான்."

"நானா? என்னினும் அழகர் எவரும் கிடைக்கவில்லையா?"

"அழகு கெடக்குது. சாப்புடும்போது உங்க மூஞ்சில ஒரு குஷி வரும் பாருங்க, அது எனக்கு வோணும். இலக்கணம் பேசும்போது அது வர்றதில்ல."

இரண்டு வாரத்தில், குழாய் ஒழுக்கை அடைக்கும் பசைமண்ணால் ஆன என் தலை உருவாயிற்று. வழுக்கையும் மூக்குக் கண்ணாடியும் பிழையின்றி அமைந்திருந்தன. மூக்கு மட்டும் சிறிது மிகையென்று தோன்றியதாகச் சொன்னேன். "சின்னதா செஞ்சா நீங்கன்னு தெரியாது" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

அவர் வீட்டு மேசையில் பெட்டி வட்டப்பாதையில் ஓடியதைக் கண்டபோது கைதட்டிவிட்டேன். சுற்றுக்கு ஐந்தாறு வடைகளை நான் இன்முகத்துடன் உட்கொண்டேன். வண்டி கடிகார முள் செல்லும் திசையிலேயே சுற்றியது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தை நானே எழுதினேன்: "இப்பெட்டியில் பயணி ஒருவர் வடை உண்பார்." என் வாழ்நாளில் இதனினும் தெளிவான வாக்கியத்தை நான் இயற்றியதில்லை.

கண்காட்சி ஒரு பள்ளி மண்டபத்தில் நடைபெற்றது. மலையும் சுரங்கமும் பாலமும் நிலையமும் கொண்ட மாபெரும் பாதையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தனர். கயிற்றுக்கு அப்பால் பெற்றோரும் குழந்தைகளும் நெருக்கியடித்து நின்றனர். கழகத் தலைவர் கோவைப் பக்கத்தவர், பண்பாளர், ஆனால் விதி என்றால் விதி. அவர் பெட்டியை உற்று நோக்கினார்.

"ஏனுங்க, இப்பிடி ஒரு பொட்டி எந்த ரயில்லீங்க ஓடுது?"

"இதுலதான் சார். இப்ப ஓடும் பாருங்க."

திறந்த பக்கம் மக்களை நோக்கியிருக்குமாறு பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து இணைத்தனர். ஊதல் ஒலித்தது. வண்டி நகர்ந்தது. அதே கணத்தில் கம்ப்ரெஸரின் முகம் வெளிறியது. கழகத்துப் பாதையில் வண்டிகள் செல்வது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்! முந்தைய ஆண்டுச் சரக்குப்பெட்டிக்கு எத்திசையும் ஒன்றே என்பதால் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

சக்கரங்கள் மறுபக்கமாக உருண்டன. பற்சக்கரங்கள் மறுபக்கமாகச் சுழன்றன. பரிமாறுநர் வெறுங்கையுடன் என்னை அணுகினார். நான் வாய் திறந்தேன். வாயினின்று முழு வடை ஒன்று வெளிப்பட்டது. அதை அவர் பறித்துத் தட்டில் வைத்துக்கொண்டு விலகினார். மீண்டும் வந்தார், மீண்டும் பறித்தார். என் உருவமோ அதே இன்முகத்துடன் ஒவ்வொன்றாக வழங்கிக்கொண்டிருந்தது.

தலைவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். திசையை மாற்ற இயலாது. அதே பாதையில் வேறு மூன்று வண்டிகள் வரிசையில் இருந்தன. ஆயினும் அவர் மனமிரங்கினார்.

"ஒண்ணும் பிரச்சனையில்லீங்க. பொட்டியத் தூக்கி அந்தப் பக்கமாத் திருப்பி வெச்சிருங்க. வடை சரியா வாய்க்குப் போயிரும். மறுபடி மொதல்ல இருந்து ஓட்டிக்கலாமுங்க."

கம்ப்ரெஸர் பெட்டியைத் தூக்கித் திருப்பி வைத்தார். இப்போது எல்லாம் செம்மையாக நிகழும். ஆனால் திறந்த பக்கம் உட்புறத்து மலைச்சுவரை நோக்கிவிட்டது. மக்களுக்குத் தெரிந்தது தகரம் மட்டுமே. முன்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி, "தாத்தாவைக் காணோம்" என்றாள்.

கம்ப்ரெஸர் அத்தகரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து பெட்டியை மீண்டும் பழையபடியே திருப்பி வைத்தார்.

"இப்புடியே ஓடட்டும் சார்."

"விதி இருக்குதுங்களே. வடை சாப்புடுவார்னு எழுதியிருக்குதுங்க. அது நடக்கலீன்னா நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"போடாட்டி போவுது. அவுங்க பாக்கட்டும்."

வண்டி மீண்டும் புறப்பட்டது. இரண்டாம் சுற்றிலேயே குழந்தைகள் பரிமாறுநருக்கு எதிராகக் கொதித்தெழுந்தனர். "குடுத்துடு! குடுத்துடு!" என்று மண்டபம் அதிர்ந்தது. "அய்யோ பாவம் தாத்தா!" என்று கன்னடமும் தமிழும் கலந்த குரல்கள் எழுந்தன. தலைவரின் விலைமதிப்பற்ற நீராவி எந்திரம் கேட்பாரற்றுப் புகைவிட்டுக்கொண்டிருந்தது. ஏழாம் சுற்றில் பாலத்தின்மேல் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஸ்டெல்லா அம்மையார் கண்களை மூடிச் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். பெட்டி நிமிர்ந்துகொண்டது. பத்தாம் சுற்று முடிந்து வண்டி நின்றபோது எழுந்த கைதட்டலை என் பணிநிறைவு விழாவில்கூட நான் கேட்டதில்லை.

தலைவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயினும் விண்ணப்பத்தை எடுத்தவுடன் முகம் வாடியது.

"எனக்குப் புடிச்சிருக்குதுங்க. ஆனா இந்தக் காகிதம் ஒண்ணு சொல்லுது, பொட்டி ஒண்ணு செய்யுது. நான் என்னங்க பண்றது?"

கம்ப்ரெஸர் தலைகுனிந்து பெட்டியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். நான் பொதுவாக மன்றங்களில் அழையாமல் எழுபவன் அல்லன். ஆனால் அன்று கயிற்றைத் தாண்டினேன். தாண்டும்போது சிறிது தடுக்கியது.

"தலைவர் அவர்களே, அப்பயணி நான்தான். என் மூக்கே சான்று. எண்ணெய்ப் பண்டங்களை மருத்துவர் எனக்குத் தடுத்து மூன்றாண்டு ஆயிற்று. எனவே எத்தனை முறை பரிமாறினாலும் திருப்பிக் கொடுப்பதே என் ஒழுக்கம். பெட்டியில் பிழையில்லை, விண்ணப்பத்தை எழுதியவன் நான், பிழை என்னுடையது. எழுதுகோல் தாருங்கள், திருத்தித் தருகிறேன்."

தலைவர் என் முகத்தையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "மூக்கு அப்பிடியே இருக்குதுங்க" என்றார். எழுதுகோலை நீட்டினார். "உண்பார்" என்பதை அடித்து, "மறுப்பார்" என்று எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். கம்ப்ரெஸர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியதில் என் கண்ணாடி சுரங்கத்துக்குள் விழுந்துவிட்டது.

இப்போது கம்ப்ரெஸர் கழகத்தின் தவிர்க்கவியலா உறுப்பினர். நூறாயிரம் விலையுள்ள எந்திரங்கள் பழுதுற்றால் கோட்டணிந்த கனவான்கள் அவரையே சூழ்ந்து நின்று பார்க்கின்றனர். ஞாயிறுகளெல்லாம் அவருக்கு அங்கேதான். எனக்கு மகிழ்ச்சியே. படிக்க நினைத்த நூல்களைப் படிக்கிறேன். காலைநேரம் அமைதியாகக் கழிகிறது.

சென்ற வாரம் கூடத்து மின்விசிறி ஓசையிடுகிறது என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மின்விசிறி அவர் துறையன்று. ஆயினும் அரைமணியில் வந்துவிட்டார். சுழன்றுகொண்டிருந்த விசிறியை நிமிர்ந்து நோக்கிச் சிறிதுநேரம் செவிமடுத்தார். அதில் ஓசை ஏதும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, உணவுவேளை வரை பேசிக்கொண்டிருந்தார்.