ஒரு வாய் தேன் போன வழி

ஒரு காட்டில், ஓர் இலுப்பை மரத்தின் மேல்கிளையில் கரடியும் அடிப்பொந்தில் அணிலும் குடியிருந்தன. கரடிக்கு வேர்க்கடலை என்றால் உயிர். அணிலின் குட்டிக்கு ஓயாத இருமல். தேன் நக்கினால்தான் அடங்கும். அதனால் கரடி ஒரு கொட்டாங்குச்சியில் தேனை ஊற்றிக் கொடியில் கட்டி இறக்கும். அணில் அதில் கடலையைப் போட்டு மேலே அனுப்பும். அத்தோடு வேலை முடிந்தது.

இதை ஒரு மரநாய் பார்த்தது. பட்டணத்து ஓட்டுக்கூரைகளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிய மரநாய் அது.

"என்ன அண்ணாச்சி இது? கொடுத்தோம், வாங்கினோம்னு இதெல்லாம் ஒரு வியாபாரமா? நாலு கை மாறினாத்தானே பொருளுக்கு மதிப்பு!"

கரடிக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளிலிருந்து தேன் முறைப்படி புறப்பட்டது. காகம் ருசி பார்த்துத் தரம் சொன்னது. குரங்கு இலை மூடிக் கட்டியது. ஆமை அதைச் சுமந்துகொண்டு காட்டைச் சுற்றி வந்தது. மரநாய் மேற்பார்வை பார்த்தது. கூலி, ஆளுக்கு ஒரு வாய். கடலையும் அதே வழியில்தான் மேலே போனது.

அழகாகக் கட்டி வந்த கொட்டாங்குச்சியை அணில் பிரித்தது. உள்ளே வாசனை மட்டும் இருந்தது.

"மாமா, தேன் எங்கே? பிள்ளை இருமி இருமித் தூங்கவே இல்லை."

"முன்னே உனக்கு வெறும் தேன் வந்துச்சு," என்றது மரநாய். "இது தரம் பார்த்த தேன். காடு சுத்தின தேன்."

"வந்திருக்கிறது கொட்டாங்குச்சி மாமா!"

"குறை இருந்தா சொல்லும்மா. கேட்க ஒரு ஆளைப் போட்டுடறேன். அவருக்கும் ஒரு வாய்தான்."

பொந்துக்குள் குட்டி இருமியது. அணில் திரும்பிப் பார்த்தது.

"அந்த ஆளா நானே இருந்துட்டுப் போறேனே மாமா."

அன்றிலிருந்து அணில் காகத்துக்கும் முன்னால், வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தது. தன் குறையைத் தானே சொல்லி, தானே கேட்டு, தலையாட்டிவிட்டு, கூலியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. குட்டியின் இருமல் நின்றது.

ஒருநாள் கரடி இறங்கி வந்தது. "எனக்குக் கடலைத் தோல்தான் வருது. இங்கே நடுவிலே இடம் இருக்கா தாயி?"

"தாராளமா உட்காருங்க அண்ணாச்சி," என்று அணில் நகர்ந்து இடம் விட்டது.

"அப்போ தேனை யார் எடுக்கிறது?" என்று கேட்டது ஆமை.

எல்லாம் அதை முறைத்தன. பிறகு, தேன் எடுக்க ஆள் தேடுவதற்கு அன்றே ஓர் ஆளைப் போட்டன.

நீதி: தேன் வேண்டுமென்றால் அதை எடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், அது போகிற வழியில் ஓர் இடம் பிடித்து உட்காருங்கள்.