பால் ஊற்றிய சீனத் தேயிலை

இருபத்தாறு வயதில் எனக்கு அபாரமான வியாபார மூளை இருந்தது. வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அப்போது தி.நகரில் ஓர் ஏற்றுமதி இறக்குமதி அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. (விசிட்டிங் கார்டு அடித்திருந்தால் 'சர்வதேச வணிகம்' என்றுதான் போட்டிருப்பேன்.) ஹாங்காங்கிலிருந்து ஒரு தேயிலை வியாபாரி எங்கள் முதலாளிக்கு மாதம் தவறாமல் ஃபேக்ஸ் அனுப்புவார். பல வருடம் கிடங்கில் வைத்துப் பழுக்க விட்ட சீனத் தேயிலை, வயது கூடக் கூட விலையும் கூடும், வாங்கி வையுங்கள் என்று அதில் இருக்கும். முதலாளி அதை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அண்டக் கொடுப்பார். நான் உருவி எடுத்துப் படிப்பேன். மாதத்துக்கு மாதம் விலை ஏறிக்கொண்டே போனது. தங்கம்கூட அப்படி ஏறவில்லை.

என் மூன்று வருட போனஸில் பாதியை அனுப்பிவிட்டேன்.

மயிலாப்பூர் வீட்டுக்கு, அழுத்திச் செய்த பதினான்கு தேயிலை வட்டங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் அடை அளவு, பலகை மாதிரி கெட்டி, மேலே சீன எழுத்து அச்சடித்த மெல்லிய காகிதம். அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஆத்துல ஹோமம் ஒண்ணும் இல்லையேடி. வறட்டியை எதுக்கு வாங்கிண்டு வந்திருக்கே?"

"அம்மா, இது முதலீடு. யாரும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா விலை போயிடும்."

"குடிக்கற வஸ்துவைக் குடிக்கப்படாதுன்னா, அது என்னடி வஸ்து?"

நியாயமான கேள்விதான். வியாபார மூளை இல்லாதவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதில்லை என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஃபேக்ஸில் விலை பாதியாகியிருந்தது. ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறப் போகிறது, கிடங்கு வைத்திருப்பவர்கள் பலரும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வெளிநாடு கிளம்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்த ஊரிலேயே இருப்பவன் காலையில் விஷயம் கேள்விப்பட்டு மத்தியானத்துக்குள் விற்றுவிடலாம். கடல் தாண்டி வாங்கி, கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவள் என்ன செய்வாள்?

இன்னும் வாங்கினாள். மலிவாக இருக்கும்போது வாங்கிப் போட்டால் சராசரி விலை குறையும் அல்லவா? மீதி போனஸும் போயிற்று. பாதி விலை என்பதால் இருபத்தெட்டு வட்டங்கள் வந்தன. அவை வந்து சேர்வதற்குள் விலை மறுபடியும் பாதி. 'நீங்களே திருப்பி வாங்கிக்கொள்வீர்களா?' என்று கேட்டு எழுதினேன். 'கப்பல் கூலிகூடத் தேறாது, அன்புடன்' என்று பதில் வந்தது.

அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு சீன உணவகம் இருந்தது. உரிமையாளர் டேவிட் சீனர்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ். ஒரு வட்டத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"சார், உங்க ஊர் டீ."

"எங்க ஊரு புரசைவாக்கம்மா. இன்னாது இது? எனக்குக் காலைல ஃபில்டர் காபி உள்ள எறங்கலன்னா கண்ணே தெறக்காது."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "சரி, ஃபேக்டரில மிஷின் மாட்டறதுக்குத் தைவான்லேர்ந்து அஞ்சு இன்ஜினீருங்க வந்துகீறாங்க. ஞாயித்துக்கெழம இங்கதான் சாப்பாடு. நீயே வந்து போட்டுக் குடு. நல்லாகீதுன்னு சொன்னாங்கன்னா பாக்கலாம்."

போனேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. சமையலறையில் நின்றபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த டீயை நான் ஒரு முறைகூடப் போட்டதில்லை, குடித்ததும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே டீ. ஒரு முழு வட்டத்தைக் கத்தியால் கொத்திப் பெரிய பாத்திரத்தில் போட்டேன். தண்ணீர், பால், சர்க்கரை, தட்டிய இஞ்சி, ஏலக்காய் எல்லாம் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நுரை வர ஆற்றி, கண்ணாடித் தம்ளர்களில் கொண்டு போனேன். கௌரவத்துக்காகத் தட்டில் அந்தச் சீனக் காகிதத்தையும் விரித்து வைத்திருந்தேன்.

அவர்களில் மூத்தவர் லின். காகிதத்தைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த இளைஞர் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்: "இதில் பாலா ஊற்றினீர்கள்?"

"சர்க்கரையும் போட்டேன்," என்றேன் பெருமையாக. "இஞ்சி தனி."

ஐந்து பேரும் தம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார்கள். ஏதோ துக்க வீட்டுக்குள் நாதஸ்வரம் வாசித்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. லின் எழுந்து என்னோடு சமையலறைக்கே வந்தார். மிச்சம் கொண்டு வந்திருந்த வட்டம் ஒன்றிலிருந்து விரல்நுனி அளவு பெயர்த்து, வெந்நீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கீழே கொட்டினார். (அவ்வளவுதான், சரக்கு நிராகரிக்கப்பட்டது என்று நினைத்தேன். இலையைக் கழுவினாராம்.) இரண்டாம் முறை ஊற்றி, சின்னக் கிண்ணத்தில் என்னிடமே நீட்டினார். கசப்பே இல்லை. முதல் மழைக்கு மண் மணக்குமே, அது அப்படியே தொண்டையில் இறங்கியது. நாற்பத்திரண்டு வட்டத்துக்குச் சொந்தக்காரி அன்றுதான் தன் சொத்தை ருசி பார்த்தாள்.

"அசல் சரக்கு," என்றார் லின் ஆங்கிலத்தில்.

"வாங்கிக்கொள்கிறீர்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் கரண்டியை நழுவவிட்டார். "என் வீட்டில் ஓர் அறை நிறைய இருக்கிறது. உச்ச விலையில் வாங்கினேன். என் மனைவி அந்த அறைப் பக்கமே வருவதில்லை." ஒரே வகுப்பில் ஃபெயிலானவர்கள் மாதிரி நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து டேவிட் உள்ளே ஓடி வந்தார். ஜவுளி வாங்கிய களைப்பில் வந்திருந்த ஆறு பெண்கள், பக்கத்து மேஜைக்குப் போன ஏலக்காய் டீ தங்களுக்கும் வேண்டும் என்கிறார்களாம். பாத்திரத்தில் மிச்சம் இருந்ததை ஊற்றிக் கொடுத்தோம். குடித்துவிட்டு ஆறு பேரும் இன்னொரு தம்ளர் கேட்டார்கள். ஓர் அம்மாள், "இதுக்கு என்ன பேரு?" என்றாள்.

டேவிட் கண்கூடச் சிமிட்டவில்லை. "சீனா மசாலா டீ, மேடம். மெட்ராஸ்லயே இங்க மட்டுந்தான் கெடைக்கும்."

லின் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய விலையாக இருந்தால் இது பெரிய பாவம்," என்றார். "இப்போது விலை விழுந்துவிட்டதே, நன்றாக ஊற்றுங்கள்." சொல்லிவிட்டு, தீண்டாமல் வைத்திருந்த தன் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்றும் கேட்டார்!

டேவிட் அன்றே மிச்சம் அத்தனையையும் நான் வாங்கியதற்கு மேல் விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். மூன்றே மாதத்தில் எல்லாம் தீர்ந்துபோக, அடையாறில் இன்னும் இரண்டு ஓட்டல்களும் கேட்டு வந்தன. டைப்பிஸ்ட் வேலையை விட்டேன். அதே ஹாங்காங் வியாபாரிக்கு இப்போது நான் மாதாமாதம் ஃபேக்ஸ் அனுப்பினேன்: 'விலை இன்னும் இறங்குமா?' அவர் இறங்கியது என்று வருத்தத்தோடு எழுதும்போதெல்லாம் அம்மா வீட்டில் பாயசம் வைத்தாள்.

போன மாதம் வாங்கிய பங்குகள் மொத்தமும் சரிந்ததில் என் மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எல்லாத்தையும் உங்கம்மாகிட்ட குடுத்துடு. பால் ஊத்தி வித்துட்டு வந்துடுவா."